ஒத்துப்போகாத மூணு சாமான்

இன்ஜின் பிரிக்கிறவனுக்கு நிம்மதி கிடையாது. அதுலயும் பிஸ்டன், ராடு, கிராங்க் மூணையும் மாத்தி பைக்கோட சிசியை ஏத்தி, இழுவையைக் கூட்டித் தர்றேன்னு ஒத்துக்கிட்டவனுக்குச் சோறே இறங்காது. மூணுல ரெண்டு ஒத்துப்போனா மூணாவது முறைச்சுக்கும். மரக்காணத்துல ஈசிஆர் ஓரமா கடை வச்சிருக்கேன். என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்க யாராச்சும் இருந்தா, படிச்சு ஆறுதல் பட்டுக்கங்க.

நாலு மில்லி

சேகர் உப்பளத்துல தண்ணி இறைக்கிற பம்ப்செட்டைப் பாத்துக்கிறவன். ஒரு நாள் கோணிப்பையோட வந்தான். உள்ள கிராங்க், ராடு, பிஸ்டன். ஒண்ணு நெட்ல வாங்கினது, ஒண்ணு பாண்டியில பழைய சாமான் கடையில எடுத்தது, ஒண்ணு யாரோ சிநேகிதன் குடுத்தது. "நாப்பது நாள்ல கல்யாணம்ணா. பொண்ணுக்கு ஊரு இரும்பை. தாலி கட்டுன கையோட என் வண்டியில உக்கார வச்சு ஈசிஆர்ல கூட்டிட்டு வர்றேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்"னான். அவன் வண்டி ரெண்டு பேரு ஏறுனாலே மூச்சு வாங்கும். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "முடிச்சுத் தர்றேன் போ"ன்னுட்டேன்.

மாட்டிப் பாத்தேன். கிராங்க் பெருசா சுத்துனா பிஸ்டன் இன்னும் மேல ஏறும். அதுக்கு ராடு குட்டையா இருக்கணும், இல்லேன்னா பிஸ்டன்ல ராடை மாட்டுற பின் ஓட்டை மேல தள்ளி இருக்கணும். இவன் கொண்டாந்ததுல ரெண்டும் இல்ல. பிஸ்டன், தான் ஏறி இறங்குற குழிக்கு, அதான் போருக்கு, வெளிய நாலு மில்லி எட்டிப் பாக்குது. "மேல மூடுற ஹெட்டுல இடிச்சு மொத சுத்துலயே நொறுங்கிடும்டா"ன்னு காட்டினேன். குனிஞ்சு நல்லாப் பாத்துட்டு சேகர் சொன்னான்: "புதுசுல அப்படித்தாண்ணா இருக்கும். ஓட ஓட செட்டாயிடும்ல?"

சப்பாத்தி மாவு

சரியான பிஸ்டனைத் தேடிப் பிடிக்கவே இருபது நாள் ஆயிடுச்சு. அது சுத்தளவுல கொஞ்சம் பெருசு. அதனால லேத்துக்கு அனுப்பி போரைப் பெருசாக்கிட்டேன். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி என்னைக் கொன்னது இதுதான்.

அடுத்தது ஹெட்டுல இருக்கிற வால்வு பிஸ்டன்ல இடிக்குதான்னு பாக்கணும். பிஸ்டன் தலையில மாவு உருட்டி வச்சு, ஹெட்டை மாட்டி, கையால சுத்தணும். மாவு எவ்வளவு தடிமனா நசுங்குதோ அதுதான் இடைவெளி. காலையில வீட்டுல பிசைஞ்சு வச்ச சப்பாத்தி மாவை எடுத்துட்டு வந்துட்டேன். மொத தடவை பேப்பர் மாதிரி நசுங்கிடுச்சு. பிஸ்டனைக் கொஞ்சம் குடைஞ்சு மறுபடி வச்சேன், பத்தல. மூணாவது தடவைதான் சரியா வந்துச்சு. சந்தோஷமா சாப்பிடப் போனேன். கிரீஸ் பட்ட கிண்ணத்தைப் பாத்துட்டு என் சம்சாரம் கலா சொன்னா: "உன் பிஸ்டன் மூணு சப்பாத்தி தின்னுடுச்சுய்யா. நீ போய் ஓட்டல்ல தின்னுக்கோ."

அஞ்சு விரல்

அப்பாடா, மூணும் ஒத்துப்போச்சு. கிராங்கைக் கழுவி, எண்ணெய் தடவி, பேப்பர் விரிச்சு மேசையில வச்சேன். நம்ம ஊர் காத்துல எண்ணெய் இல்லாத இரும்பு ஒரு நாள் தாங்காது. அன்னிக்குப் பாத்து சேகர் உப்பளத்துலேர்ந்து நேரா வந்திருக்கான். நான் டீக்கடையில இருந்தேன். பேரிங் உக்கார்ற இடத்துல இருந்த எண்ணெயைத் துடைச்சுட்டு, உப்புத்தண்ணி ஊறின கையால ஆசையாப் பிடிச்சுத் தூக்கிப் பாத்துட்டு வச்சுட்டுப் போயிட்டான்.

பேரிங் வாங்கப் போய் ரெண்டு நாள் கழிச்சு வந்தேன். கிராங்க் மேல அஞ்சு விரலும் பளிச்சுன்னு துரு பிடிச்சிருக்கு. தேய்ச்சா துரு போகுது, கூடவே அளவும் போகுது. பேரிங் பிடிக்காம வழுக்குது. கல்யாணத்துக்கு எட்டே நாள். சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் கையை அது மேலயே வச்சுப் பாத்தான், அச்சா பொருந்திச்சு. அப்புறம் கேட்டான்: "யாருண்ணா இந்த வேலையைப் பாத்தது?"

சீர் பாத்திரத்துக்கு நடுவுல

வண்டியில மொதல்ல இருந்த பழைய சாமானையே போட்டு ஓட்டிடலாம்னா, போரைத்தான் நானே பெருசாக்கிட்டேனே! பழைய பிஸ்டன் அதுக்குள்ள லொடலொடன்னு ஆடுது. வேற கிராங்க் வர மூணு வாரம் ஆகும்னுட்டாங்க. சேகர் கிட்ட சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன். எழுந்து போயிட்டான். ரெண்டு அறை விட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

கல்யாணத்துக்குப் போக வெக்கமா இருந்துச்சு, கலாதான் இழுத்துட்டுப் போனா. திரும்பி வர்றப்ப மாப்ள, பொண்ணு எல்லாருமே வேன்லதான். சேகர் என் முகத்தைப் பாக்கவே இல்ல. நான் பின்னாடி சீர் பாத்திரத்துக்கு நடுவுல கூனிக்குறுகி உக்காந்திருந்தேன். வழியில டீ குடிக்க எல்லாரும் இறங்கினாங்க. நானும் பொண்ணு தேவியும்தான் இறங்கல. அவ மாலையோட திரும்பிப் பாத்தா. "நீங்கதானே வண்டி செய்யற அண்ணன்?"

"என்னால முடியலம்மா, மன்னிச்சுடு"ன்னேன்.

அவ வெளிய ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னா: "எனக்கு பைக்குன்னாலே கைகால் உதறும்ணா. அவரு அவ்ளோ ஆசையா சொல்றாரு, எப்படி வேணாம்ங்கறது? இன்னும் ரெண்டு மாசத்துக்கு எதுனா சாக்கு சொல்லி இழுங்கண்ணா."

இத்தனை வருஷத்துல என் வேலையில குறை சொல்லாத ஒரே ஆளு அந்தப் பொண்ணுதான், அதுவும் வண்டி ஓடாத வரைக்கும்.