இரண்டு தரம் கூப்பிட்ட குரல்

என் மனுசன் குருசுமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்து முதியோர் இல்லமொன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பார். இவ்வளவு இருந்தும் ஒரு விசர்ப் பழக்கம். முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தால், மூன்று தரம் கூப்பிடும்வரை வாய் திறக்கமாட்டார். பேய் இரண்டு தரம்தான் கூப்பிடுமாம்! மன்னாரில் சின்ன வயதில் பிடித்தது, விட்டால்தானே? குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நான் தொண்டை கிழியக் கத்தவேண்டும். "உங்களைப் பிடிச்சுப் பேய் என்னத்தைக் காணப்போகுது?" என்று பேசியிருக்கிறேன். சிரிப்பார், மாறமாட்டார்.

அவருக்கு மலைப் பைத்தியம் பிடிக்க வைத்தவன் கஜதீபன். அதே இல்லத்தில் வேலை, விபோர்க்கில் வீடு. ஆறு வயதில் டென்மார்க்குக்கு வந்தவனுக்கு இந்தப் பேய்க் கணக்கெல்லாம் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கம் நூற்றைம்பது மீட்டர்கூட வராத மேட்டுக்கு வான மலை என்று பெயர். முதுகில் பை கட்டிக்கொண்டு இருவரும் அதிலே குளிர்காலம் முழுக்க ஏறி இறங்கினார்கள். பெப்ரவரியில் கப்பலில் காரை ஏற்றி நோர்வேக்குப் போனோம். அவித்துப் போட ஆள் வேண்டாமா? நானும் போனேன்.

மூன்றாம் நாள் காலை இருவரும் ஸ்கீ என்ற சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். நான் மரவீட்டில் தனியே இருந்தேன். மதியத்துக்குப் பிறகு சன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. எதிரே நின்ற காரையும் காணவில்லை. நான்கு மணியளவில் வாசலில் சப்பாத்துப் பனியை உதறும் சத்தம் கேட்டது. ஒருவர், இருவர், மூவர். சரி, வழியில் யாரையோ கூட்டி வருகிறார்கள் என்று எனக்கும் சேர்த்து நான்கு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினேன். உள்ளே வந்தது இரண்டு பேர்.

கஜதீபன் நடுங்கிக்கொண்டே சொன்னான். இறங்கும்போது பனிமூட்டம் கவிந்திருக்கிறது. பின்னால் வந்துகொண்டிருந்த இவனுடைய ஸ்கீ ஒன்று கழன்று, இவனுக்குத் திசை தெரியாமல் போயிருக்கிறது.

"குருசண்ணை எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டன், ராணியக்கா. 'வாறன், அசையாதை' எண்டு காதுக்குக் கிட்டச் சொன்னார். அப்படியே இருந்திட்டன். பத்து நிமிசத்தால மூட்டம் விலகினாப் பிறகுதான் பாத்தன், ஒரு அடி தள்ளிப் பள்ளம். அண்ணை குரல் தராட்டி என்ரை பிள்ளைக்கு அப்பா இல்லை."

என் மனுசனைக் கட்டிப்பிடித்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது. இவர் மட்டும் கட்டையாக நின்றார்.

அடுத்த இரண்டு நாளும் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னப்பா?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். கஜதீபன் விபோர்க்குக்கு போன் எடுத்து, தன் மனுசியிடம் அண்ணை புகழ் பாடும்போதெல்லாம் எழுந்து வெளியே போவார்.

திரும்பிக் கப்பலால் இறங்கி, டென்மார்க் மண்ணில் நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கஜதீபன். பின் சீட்டிலிருந்து இவர் திடீரென்று கதைத்தார்.

"தம்பி, நான் வாய் திறக்கேல்லை."

"எப்ப அண்ணை?"

"நீ கூப்பிட்டது கேட்டுது. மூண்டாம் தரம் கூப்பிடட்டும் எண்டு நிண்டன். மூட்டம் விலகுமட்டும் நான் ஒண்டும் சொல்லேல்லை."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். "ஐயோ மாதாவே! அப்ப வாறன் எண்டது ஆர்?"

கஜதீபன் என் கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை. முகத்தைத் திருப்பாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, கூப்பிட்டது நான் எண்டு தெரியேல்லையா?"

மனுசன் ஒரு பொய்யாவது சொல்லட்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"தெரிஞ்சுது. உன்ரை குரல்தான்."

கஜதீபன் குனிந்து காலடியில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்தான்.

"ராணியக்கா, என்னை ஆல்போர்க் ஸ்டேசனில இறக்கிவிடுங்கோ. விபோர்க்குக்கு ரயில்ல போறன்."

இறக்கிவிட்டேன்.