ஆனந்தவள்ளி டீச்சர் எழுதிக் கொடுத்த தாள்

ஆனந்தவள்ளி டீச்சர் இருப்பது ஸ்ரீரங்கத்தில். அவருடைய பி.ஏ., பி.எட். ஒரிஜினல் சான்றிதழ்கள் இருப்பதோ திருச்சி கே.கே. நகரில், ஒரு பள்ளிக்கூடத்து இரும்பு பீரோவில். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்த அன்றே, "எங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும் மிஸ்" என்று கரஸ்பாண்டண்ட் பூவரசன் வாங்கி வைத்துக்கொண்டார். பி.டி. மாஸ்டர் முதல் பாட்டு டீச்சர் வரை எல்லாருடைய ஃபைலும் அங்கேதான் தூங்குகிறது. வாத்தியார்கள் வருஷ நடுவில் ஓடிவிடக் கூடாதாம்!

அப்படியும் போன வருஷம் ஹிஸ்டரி சார் ஒருத்தர் ஓடினார். பாஸ்போர்ட்டுக்கு என்று ஃபைலை வாங்கிக்கொண்டு போனவர், போனவர்தான். அவருடைய வகுப்பெல்லாம் யார் தலையில் விழுந்தது? ஏற்கெனவே மூன்று வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்த நம் டீச்சர் தலையில். "நல்லா இருப்பானா அவன்!" என்று ஹிஸ்டரி பேப்பர் திருத்தும்போதெல்லாம் சபித்தார்.

அந்தக் கோபம் ஆறவே இல்லை. இந்த ஜூனில் கரஸ்பாண்டண்ட் கூப்பிட்டு, "உங்க இங்கிலீஷ் யாருக்கு வரும் மிஸ்? ஸ்டாஃப் எல்லாரும் கையெழுத்துப் போடற மாதிரி ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க" என்றபோது, டீச்சர் வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, எலி நுழைய இடம் விடவில்லை. பேங்க், பாஸ்போர்ட், கல்யாணம், மேற்படிப்பு, அரசு வேலை, இன்டர்வியூ என எந்தக் காரணம் சொல்லியும், கல்வியாண்டு முடியும்வரை, ஒரு நாளுக்குக்கூட ஒரிஜினலைக் கேட்க மாட்டேன் என்று அழகான இங்கிலீஷில் எழுதினார்.

"அடேங்கப்பா, வக்கீல் தோத்தான் போங்க!" என்றார் பூவரசன். முதல் கையெழுத்தையும் டீச்சரே போட்டார், பெருமையாக.

அப்புறம் வருஷம் ஓடியது. டீச்சரை மிதித்துக்கொண்டு ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். ஜூலையில் இங்கிலீஷில் பேசும் பிள்ளைகளுக்கு பேட்ஜ் குத்தினார். அக்டோபர் கண்காட்சியில் ஏழாம் வகுப்பு தெர்மாகோலில் முக்கொம்பு அணை கட்டி, நீலத் தண்ணீர் ஒழுகி, பக்கத்து மேசை இங்கிலீஷ் சார்ட் மொத்தமும் நனைந்தது. டிசம்பர் ஆண்டு விழாவில் இங்கிலீஷ் நாடகத்து ராஜா வசனத்தை மறந்து, "மிஸ், அடுத்தது என்ன?" என்று மேடையிலிருந்தே தமிழில் கத்தினான். சபை சிரித்தது, திட்டு டீச்சருக்கு விழுந்தது.

இத்தனைக்கும் நடுவில், தினமும் பஸ்ஸில் நின்றபடியே படித்து, அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வை எழுதியிருந்தார் டீச்சர். ஜனவரியில் பாஸ்! அரியமங்கலத்தில் லேத் பட்டறை வேலை பார்க்கும் கணவர் ராசப்பன் பட்டறை முழுக்க லட்டு கொடுத்தார். பிப்ரவரியில் கடிதம் வந்தது: வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாவிட்டால் வாய்ப்பு போய்விடும்.

"ஒரே ஒரு நாள் சார். சாயங்காலமே கொண்டு வந்து குடுத்துடறேன்."

பூவரசன் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, பக்குவமாக அவர் பக்கம் திருப்பி வைத்தார். "கொஞ்சம் படிங்க மிஸ்."

டீச்சர் படித்தார். ஓட்டை எங்கேயாவது இருக்காதா என்று மறுபடியும் படித்தார். எழுதின பாவி ஒன்றையும் விட்டுவைக்கவில்லையே!

"உங்களுக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயமா மிஸ்? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதார். "என் கையால நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேங்க." ராசப்பன், "பீரோ பூட்டுதானே? நாலு நிமிஷ வேலை" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்தது. வியாழக்கிழமை ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போனார். அதிகாரி புரட்டிப் பார்த்து, ஒரிஜினல் இல்லாமல் ஆகாது என்று திருப்பிக் கொடுத்தார். ஹிஸ்டரி சாரை அன்றைக்கு முதன்முறையாகத் திட்டாமல் நினைத்தார் டீச்சர். பாவம், வேற என்ன செய்வான் அவன்.

ஏப்ரல் கடைசி நாள். கரஸ்பாண்டண்ட் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் டீச்சரின் பச்சை ஃபைல் இருந்தது. பக்கத்திலேயே அந்த உறுதிமொழித் தாள்.

"வருஷம் முடிஞ்சிருச்சு மிஸ். பேச்சு மாறக் கூடாதுல்ல, வேணும்னா ஃபைலை எடுத்துக்கலாம். வெச்சுட்டுப் போனாலும் சரிதான்." உறுதிமொழித் தாளைத் தட்டிக் காட்டி, "இவ்வளவு எழுதியும் நீங்களே வந்து கேட்டுட்டீங்க பாருங்க. அடுத்த வருஷத்துக்கு இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா எழுதிக் குடுத்துருங்களேன்" என்றார்.

கேட்கிறார் பாருங்கள், வாய் கூசாமல்! டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஃபைலை எடுத்து ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்தார். பி.எட். சான்றிதழ் ஓரத்தில் பீரோவின் துரு ஏறியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. ஃபைலைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராதுங்க சார்."

பூவரசன் முகம் மாறியது. "ஜூன்ல வந்துருவீங்கல்ல மிஸ்?"

வராமல் என்ன செய்வது? பெண்ணுக்குக் காலேஜ் சேரும் வருஷம். வேறு பள்ளிக்கூடம் போனால் அங்கேயும் ஒரு பீரோ இருக்கும். டீச்சர் வாசல் வரை போய்த் திரும்பினார்.

"வந்தாலும் வருவேன் சார். ஆனா எழுதிக் குடுக்க மாட்டேன்."