மலையிலிருந்து ஒரு பிடி மண்

நெய்வேலியில் ஏது மலை என்று கேட்பவர்களிடம், ஏன் இல்லை, நாங்களே ஒன்று செய்து வைத்திருக்கிறோமே என்பேன். நிலக்கரிக்காகத் தோண்டிய மண்ணை எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்? கொட்டிக் கொட்டி அது மலையாகிவிட்டது. 'தானே' புயல் அடித்த மறு வருஷம், தீபாவளி லீவில், ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த நான் தன்னந்தனியாக அதன்மேல் ஏறினேன். வேடிக்கை பார்க்க ஏறவில்லை. பெரியப்பா கேட்ட மண்ணை எடுத்துவரத்தான் ஏறினேன்.

எங்கள் ஊர் சுரங்கத்துக்குள் போனபோது நான் கைக்குழந்தை. நிலத்தை எழுதிக்கொடுத்து ஊரில் முதல் கையெழுத்துப் போட்டவர் அப்பா. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. கிடைத்தது, கான்ட்ராக்டில். சுரங்கத்து மண்ணைக் கொட்டுகிற மிஷினில் ஷிப்ட் பார்த்தார். பர்மனென்ட் ஆள் ஒருவரின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஷீட் போட்ட அறையில் குடியிருந்தோம். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, கையெழுத்துப் போடவே மாட்டேன் என்று நின்று, எல்லோரும் போட்ட பிறகு தானும் போட்டுவிட்டு, குறிஞ்சிப்பாடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். பழியை மட்டும் அப்பா தலையில் விட்டுச் சென்றார்.

ஊரோடு எங்கள் குலதெய்வத்தின் கோயிலும் போயிற்று. அதைப் பெரியப்பா வீட்டுப் பக்கம் புதிதாகக் கட்டுவதாகப் பேச்சு. ஆனால் பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்து வந்து போட்டால்தான் அம்மன் புது இடத்தில் உட்காருவாள். அவள் உட்காருகிறவரை தம்பிக்கு முடி இறக்க மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். மூன்று வயதாகியும் ரெட்டைச் சடையும் ரிப்பனுமாகத் திரிந்த அவனைத் தெருவே பாப்பா என்று கூப்பிட்டது.

அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அப்பா பெரியப்பாவைப் பார்க்கப் போனார். சைக்கிளில் பின்னால் நான். பெரியப்பா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிற்கவைத்தே சொன்னார்:

"ஊர எழுதிக் குடுத்தவன் நீதானடா. புடிமண்ணையும் நீயே எடுத்துகினு வா. அப்பறம் கோயிலப் பத்திப் பேசலாம்."

அப்பா சைக்கிளைத் திருப்பினார். எனக்கு இதில் என்ன கஷ்டம் என்று புரியவே இல்லை. நம்ம ஊர் எங்கே என்று நான் கேட்கும்போதெல்லாம் அவர் அந்த மலையைத்தானே காட்டுவார்?

லாரி போகிற பாதையில் வாட்ச்மேன் இருந்தார். அதனால் பின்பக்கமாக, வேலிக்காத்தான் முள்ளுக்குள் நுழைந்து ஏறினேன். ஐப்பசி மழை மண்ணை அரித்து ஓடை ஓடையாகப் பிளந்திருந்தது. காலை வைத்தால் கல் சரிந்தது. கையையும் ஊன்றித்தான் ஏற முடிந்தது. உச்சி வரப்பு போல ஒடுங்கி நீண்டிருந்தது. அங்கே எங்கும் கல்தான். ஒரு பிடி மண் கிடைக்காதா என்று அந்த ஒடுக்கத்திலேயே நடந்தேன். வழுக்கி விழுந்து முட்டி தேய்ந்தது. உட்கார்ந்து அழுதேன். கேட்க ஆள் இல்லாததால் சீக்கிரமே நிறுத்திவிட்டேன். ஒரு பக்கம் டவுன்ஷிப் மரங்கள், மறுபக்கம் பாதாளம் மாதிரி சுரங்கம். மலையின் அந்தக் கோடியில் நீளக் கை வைத்த மிஷின் ஒன்று மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தது. அப்பா அதில் இருப்பார் என்று கையாட்டினேன். பிறகு கல்லிடுக்கில் கிடைத்த மண்ணைச் சுரண்டி, கொண்டுபோயிருந்த டிபன் பாக்ஸை நிரப்பினேன்.

அம்மா முதலில் முதுகில் நாலு வைத்தாள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "வா, குடுத்துட்டு வரலாம்" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியப்பா ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "நம்ம மண்ணு செவப்புடா. இது சாம்பலாட்டம் இருக்குது."

"மேல இருந்த மண்ணதாங்கண்ணா மொதல்ல கொட்டுனது. அது அடியில போயிடுச்சி. இது அதுக்கெல்லாம் கீழ இருந்து வந்தது" என்றார் அப்பா. தன்னைவிட உயரமான ஆளிடம் பேசுவதுபோல அண்ணாந்து பேசினார்.

பெரியப்பா டிபன் பாக்ஸைத் தெருவில் கவிழ்த்துத் தட்டி, மூடி போட்டு என் கையில் கொடுத்தார். அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் செத்துப்போன பிறகும் மன்னிக்கத் தோன்றவில்லை. கொண்டுவர முடியாது என்று தெரிந்துதான் அவர் கேட்டார் என்பது அன்று எனக்கு எட்டவில்லை. தப்பான இடத்தில் சுரண்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தம்பிக்குக் கடைசியில் மெயின் பஜார் சலூனில் முடி வெட்டினார்கள்.

அன்று திரும்பும்போது சைக்கிளில் அப்பாவிடம், நாளைக்குக் களைக்கொட்டு எடுத்துப்போய் அடியில் தோண்டி எடுத்து வருகிறேன் என்றேன். மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிள் தானாகக் கொஞ்ச தூரம் ஓடியது.

"வேணாம்மா. நாளைக்கி மார்னிங் ஷிப்டுல இன்னும் மேல கொட்டுவோம்."

நாளைக்கு ஒருநாள் மட்டும் கொட்டாமல் இருங்களேன் என்று கேட்டேன். அப்பா மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். என்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று கோபித்துக்கொண்டு, வீடு வரும்வரை அவர் சட்டையைப் பிடிக்காமலே உட்கார்ந்து வந்தேன்.