கட்டிங் பிளேயரும் நாலு மணியும்

குழந்தைவேல் உட்கார்ந்து டீ குடித்ததை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. கடை பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் நின்றபடியே ஊதி ஊதிக் குடிப்பார். கண் மட்டும் எதிர்க் கம்பத்தில் இருக்கும், அங்கே வயர் தொங்குகிறதா, குரங்கு ஏறுகிறதா என்று. வீட்டிலும் அதே கதைதான். "ஒக்காந்து துன்னாத்தான் இன்னா? சோறு ஓடியா பூடும்?" என்று மனைவி விஜயகுமாரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். அதற்குள் போன் அடிக்கும், மனுஷன் கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் வண்டியை எடுத்துவிடுவார்.

வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டு போகிற வழியில் உள்ளே திரும்பினால் வரும் ஊர். கரும்பும் நெல்லும் நாலு தெருவும். இருபத்தேழு வருஷமாக அந்த ஊருக்கு அவர்தான் கேபிள்காரர். முதலில் மாடியில் டிஷ் குடை வைத்து ஆரம்பித்தார். இப்போது முன்னறையில் ஏசி போட்டு, பேட்டரி வைத்து, பச்சை விளக்கு மின்னும் ஒரு பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார். ஊர் இன்டர்நெட் முழுவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது.

வைகாசியில் மாரியம்மன் தேர். அன்றைக்கு அவருடைய மவுசே தனி. தேருக்கு முன்னால் மேளம், மேளத்துக்கு முன்னால் ஏணியோடு குழந்தைவேல். தெருவுக்குக் குறுக்கே போகும் வயரெல்லாம் தேரின் உச்சியை விடத் தாழ்வு. தேர் நெருங்க நெருங்க இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை உருவுவார், படக்கென்று ஒரு வெட்டு. தேர் போனதும் பல்லால் தோலை உரித்து, முறுக்கி, டேப்பைச் சுற்றினால் அரை மணியில் எல்லா வீட்டிலும் படம் வந்துவிடும். அம்மன் ஒரு தடவை கூட வயருக்காக நின்றதில்லை என்று அவருக்கு ரொம்பப் பெருமை.

ஃபைபர் வந்த பிறகு அந்தப் பெருமைக்கு வேலையில்லை. உள்ளே இருப்பது முடி கனத்துக்குக் கண்ணாடி. வெட்டினால் முறுக்க முடியாது, மெஷினில் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அந்த மெஷின் சுற்றுவட்டாரத்தில் மதகடிப்பட்டு சுகுமாரிடம் மட்டும்தான் இருந்தது. அதனால் மூன்று வருஷமாகக் கவை வைத்த மூங்கிலால் ஃபைபரைத் தூக்கிப் பிடித்துத்தான் தேரை விட்டுக்கொண்டிருந்தார். பழைய கறுப்பு வயர்களை மட்டும் வெட்டுவார்.

கீழத்தெரு வெண்ணிலாவுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் வேலையே அந்த ஃபைபரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சண்டைக் காட்சியில் நடிகர்களைக் கம்பி கட்டித் தொங்கவிட்டு எடுப்பார்கள் அல்லவா, அந்தக் கம்பியைப் படம் படமாக அழிப்பது அவள் வேலை. ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம். சென்னைக் கம்பெனி, அதற்கு வேலை கொடுப்பது கனடாவில் ஒரு கம்பெனி. இவள் அழித்து அனுப்பும் தொடரை எந்தெந்த நாட்டிலோ சோபாவில் சாய்ந்துகொண்டு பார்க்கிறார்கள். முன்பெல்லாம் வெளியூர்ப் படம் குழந்தைவேல் வயர் வழியாக ஊருக்குள் வரும். இப்போது ஊரிலிருந்து படம் வெளியே போகிறது. இதைச் சொல்லிச் சொல்லியே டீக்கடையில் குழந்தைவேல் ஆட்களை விரட்டியிருக்கிறார்.

போன வருஷம் கம்பெனி அவளைச் சென்னைக்கே வரச் சொன்னது. ஏற்கெனவே இரண்டு வருஷம் அங்கே நாலு பேரோடு ஒரே அறையில் கிடந்து பார்த்தவளுக்கு மனசில்லை. அவள் அம்மா அம்சவள்ளி நேராகக் குழந்தைவேலிடம் வந்தாள்.

"அண்ணே, லைனு நிக்குமா? நிக்கும்னா பொண்ணு இங்கியே இருக்கட்டும்."

"நான் இருக்கற வரிக்கும் நிக்கும். போ, பயப்படாத."

அந்த ஒரு வார்த்தையை நம்பி வெண்ணிலா சென்னைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் புயலில் ஒரு தடவை, பொக்லைன் தோண்டி ஒரு தடவை, லைன் போனது. இரண்டு தடவையும் வேலை தாமதம். மூன்றாவது தடவை தாமதமானால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, சென்னை அல்லது ராஜினாமா என்று கம்பெனி எழுத்தில் கொடுத்துவிட்டது. தேர் அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பெரிய ஃபைல் போக வேண்டும்.

"மாமா, நாலு மணி. மறந்துடாதீங்க" என்று காலையிலேயே போன் செய்தாள்.

"கவ கட்டி ரெடியா வச்சிகினுகீறேன் பாப்பா. நீ வேலயப் பாரு."

இரண்டே கால் மணிக்குத் தேர் தெற்குத் தெரு முனையில் திரும்பியது. குழந்தைவேல் ஏணி மேல். கீழே இரண்டு ஆட்கள் மூங்கிலால் ஃபைபரைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தேர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உச்சியில் இருந்த கொடிக்கம்பு ஃபைபரில் மாட்டிக்கொண்டது. வடம் இழுக்கிறவர்களுக்கு அது தெரியாது, இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கம்பு வளைகிறது. "வெட்டுடா! வெட்டு!" என்று ஊரே கத்தியது. மேளம் காதைப் பிளந்தது. அவர் யோசிக்கவே இல்லை. கை தானாக இடுப்புக்குப் போனது. படக்.

தேர் அசைந்து நகர்ந்தது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஏணியில் நின்றபடி கையிலிருந்த பிளேயரைப் பார்த்தார்.

கீழே இறங்குவதற்குள் போன்.

"மாமா, மோடத்துல செவப்பு லைட்டு எரியுது. இன்னா ஆச்சு?"

பக்கத்தில் ஒருவன் "தேரு அறுத்துடுச்சி" என்று இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியே சொல்லிவிடலாம், அம்மன் மேல் யார் கோபப்படப் போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தாம்மா வெட்டிட்டேன்" என்றார். "கை பழக்கம்."

அந்தப் பக்கம் போன் கட்டானது. வெண்ணிலா திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சுகுமாரைக் கூப்பிட்டார். அவன் மெஷினோடு சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வேலையில் இருந்தான். ஆறு மணிக்கு முன்னால் வர முடியாது. செல்போன் நெட்டும் கதியில்லை, ஊரில் பாதி பேர் பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வீடியோவில் தேரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், டவர் திணறியது. ஆனால் வெட்டு விழுந்தது தெற்குத் தெருவில். வடக்குத் தெருவில், அவர் வீட்டுப் பெட்டி உயிரோடுதான் இருந்தது.

ஓடினார். கீழத்தெரு வீட்டில் வெண்ணிலா கம்ப்யூட்டர் முன்னால் கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தியும் கழட்டு. எங்க வூட்டுக்குப் போலாம். டிவியில மாட்டிக்கலாம்."

தெரு முழுக்கத் தேர்க்கூட்டம், வண்டி நுழையாது. கொல்லைப்புறமாகக் கரும்புத் தோட்டத்து வரப்பில்தான் போக முடியும். குழந்தைவேல் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார். பின்னால் வெண்ணிலா கீபோர்டையும் வயர்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு. கரும்புச் சோகை முகத்தைக் கீறியது. வரப்பு ஒரு இடத்தில் வழுக்கியது, அவர் முழங்கால் மண்ணில் பட்டது, பெட்டி தலையில் அப்படியே இருந்தது.

"மாமா, அது வுழுந்தா நான் செத்தேன்."

"நான் வுழுந்தாலும் அது வுழாது. நட."

மூன்றே காலுக்கு டிவியில் அவள் திரை வந்தது. பச்சை விளக்குப் பெட்டியிலிருந்து நேராக ஒரு வயர் கொடுத்தார். ஃபைல் ஏற ஆரம்பித்தது. நாலு சதவீதம். ஏழு. போன் விடாமல் அடித்தது, லைன் போன வீடுகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாகக் குழந்தைவேல் போனை எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். விஜயகுமாரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அது ஆறிப்போனது.

ஐம்பத்தாறு சதவீதத்தில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு நகர்ந்தது. மூன்று ஐம்பத்து மூன்றுக்கு நூறு.

வெண்ணிலா சிரிக்கவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஒங்கள நம்பித்தான் மாமா நான் போவல."

அவர் இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து அவள் கீபோர்டு மேல் வைத்தார்.

"இது ஒங்கிட்டயே இருக்கட்டும். தேரன்னிக்கி எங்கிட்ட குடுக்காத. நான் கேட்டாலும் குடுக்காத."

அடுத்த வருஷம் தேருக்கு முன்பே பழைய கறுப்பு வயர்களையெல்லாம் ஊரிலிருந்து கழற்றி எடுத்துவிட்டார். தெற்குத் தெரு முனையில் இன்னும் உயரமான மூங்கிலோடு ஏணியில் நின்றார். தேர் அதே பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. ஊர் கத்தியது. அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. வெறுங்கையால் ஃபைபரைப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, தேரின் கொடிக்கம்பு அடியில் நழுவிப் போகும் வரை அப்படியே நின்றார். கீழத்தெருவில் வெண்ணிலா வீட்டு மோடத்தில் பச்சை விளக்கு அணையவில்லை.