மூன்றாவது கடையின் நோட்டு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதருக்கு நண்பர்கள் வைத்த பெயர் ஸ்க்ரூடிரைவர். சட்டைப்பையில் அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை; கல்யாணப் போட்டோவிலும் எட்டிப் பார்க்கிறது. எங்காவது ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. வேலையிடத்தில் இந்தக் குணத்துக்குப் பாராட்டு. வீட்டில் அது படுத்தும் பாடு மனைவிக்குத்தான் தெரியும்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருக்குக் காலை முதல் மாலை வரை வேலை, அவளுக்கு மதியம் தொடங்கும் டியூட்டி. இருவரும் சேர்ந்து உட்காருவது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், வாடகை டிவிடி ஒன்றின் முன்னால். அதிலும் படம் அரை நொடி திக்கிவிட்டால் இவர் எழுந்துவிடுவார். டிவிடியை எடுத்துத் துடைப்பார், பிளேயரைக் கழற்றுவார். தரையெல்லாம் திருகாணியாகக் கிடக்கும்போது அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு படுக்கப் போவாள்.

இரண்டு வாரத்துக்கு முன் கலங்கரை விளக்கம் ஒன்றைப் பற்றிய படமும் அப்படித்தான் பாதியில் போயிற்று. அவள் கோபப்படக்கூட இல்லை.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சனிக்கிழமையும் டியூட்டி போட்டுக்கறேங்க. அங்கேயாவது எல்லாரும் ஒரு இடத்துல படுத்திருப்பாங்க” என்றாள்.

அவர் யோசித்து யோசித்து, குற்றம் வழக்கமாக டிவிடி எடுக்கும் தெருமுக்குக் கடையின் கீறல் விழுந்த டிவிடிகள்மேல்தான் என்று தீர்மானித்தார். கடையை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு டியூட்டி மாற்றிப் போட்டுவிட்டார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை மதியமே கிளம்பினார். பஸ் நிறுத்தத்துக் கடையில் கண்ணாடிக் கதவு, குளுகுளுவென்று ஏசி. டிவிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவேண்டும் என்றார். “கையில தரமாட்டோம் சார், அட்டையைப் பார்த்துச் சொல்லுங்க” என்றான் கடைக்காரன். வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார், மறுபடி வெளியே வந்தார். அந்த ஏசி வேறு தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் வந்ததே பெரிய காரியம்.

மூன்றாவது கடை சலவைக்கடையின் மாடியில் இருந்தது. கடைக்காரப் பெண் ஒரு தடித்த நோட்டை நகர்த்தினாள்.

“முதல்ல இதைப் பாருங்கண்ணா. எந்த டிவிடி எந்த இடத்துல நிக்குதுன்னு எடுத்துட்டுப் போனவங்களே எழுதியிருக்காங்க.”

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. லிஃப்டுக்கு வைக்கும் பராமரிப்பு நோட்டு மாதிரியே இருக்கிறதே! ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கலங்கரை விளக்கப் படத்தின் பக்கத்தில் கை நின்றது.

‘1 மணி 47 நிமிடம். முழுக்க ஓடுகிறது. டிவிடியில் குறை இல்லை, பிளேயரிலும் இல்லை. எங்கள் வீட்டில்தான் ஒருவர் உட்காரமாட்டார்.’

ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் மனைவியின் டியூட்டி அட்டவணையில் தினமும் பார்க்கிற ஏழு. அவசரமாகப் புரட்டினார். அதே கையெழுத்து இன்னும் ஆறு இடங்களில். அவர் பாதியில் கெடுத்த படம் ஒவ்வொன்றையும் அவள் தனியாக உட்கார்ந்து முடித்திருக்கிறாள்.

“இவங்க அடிக்கடி வருவாங்களா?”

“செவ்வாய்க்கிழமை காலையில வருவாங்க. ரொம்ப நாளா வர்றாங்க. ஏண்ணா, தெரிஞ்சவங்களா?”

அவருக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, அதை யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை. கலங்கரை விளக்கப் படத்தையே வாங்கிக்கொண்டு இறங்கினார்.

சாயங்காலம் ஸ்க்ரூடிரைவரை வாசலில் செருப்புகளோடு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். படம் ஓடியது. பத்தாவது நிமிடம் பிளேயர் ‘கொர்ர்’ என்றது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. கால் ஆடத் தொடங்கியது. கூடவே சோபாவும் ஆடியது.

அவள் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தாள். “நான் ஒண்ணு சொல்லணுங்க. இந்தப் படத்தை நான் முழுசா பாத்துட்டேன்.”

“தெரியும். முடிவை மட்டும் சொல்லிடாதே.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிளேயர் மறுபடி ‘கொர்ர்’ என்றது.

“சத்தம் வருதே, போய்ப் பாக்கலையா?”

அவர் இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

“பிளேயர்ல குறை இல்லைன்னு நோட்டுல எழுதியிருக்கே” என்றார்.