இஸ்திரி போட்ட வாஷிங்டன்

மலேசியாவின் ரெம்பியாவில் ராகினியிடம் பாஜு கூரோங் என்ற மலாய் உடை தைக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு சங்கதி தெரியாது. அவளுடைய தையல் மேசை இழுப்பறையில், நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க அஞ்சல் தலைகள் இருக்கின்றன. ஏன் அமெரிக்கா என்று பக்கத்து வீட்டுக்காரியான நான் ஒருமுறை கேட்டேன்.

"இங்க எல்லாரும் மலாயா ஸ்டாம்புதான் சேர்க்குறாங்க. எனக்குப் போட்டி பிடிக்காதுலா," என்றாள். சுத்தப் பொய். பரிசு வாங்க அவளுக்குக் கொள்ளை ஆசை.

இந்த வருடம் மலாக்கா நகர அஞ்சல் தலைக் கண்காட்சியில் அவள் தலைகளைக் காட்சிக்கு வைக்கவும் ஒரு பலகை கிடைத்தது. அதில் நடுநாயகம், வாஷிங்டன் முகம் போட்ட மூன்று சென்ட் தலை. அந்தக் காலத்தில் சிலர் முத்திரை மையைக் கழுவிவிட்டுத் தலையை மறுபடியும் ஒட்டினார்களாம். அதைத் தடுக்க, தாளில் பொடிப்பொடியாகப் புள்ளிகளை அழுத்தினார்கள். உடைந்த தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. அந்தப் புள்ளிக் கட்டத்தின் அளவுதான் ராகினியின் தலையை அரியதாக்கியது. பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரியும்.

அவள் கணவர் ஹரிதாஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். 'குப்பைக் காகிதம்' என்று கேலி செய்தே பழகியவர். பலகை கிடைத்ததும் அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். பழைய ஆல்பத் தாளிலிருந்து ஊறவைத்துப் பிரித்த அந்தத் தலை, காயும்போது சுருண்டு கிடந்ததைப் பார்த்தார். தையல் வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கா பஞ்சம்?

"சுருண்டு கிடந்துச்சு, அயன் பண்ணி வச்சிட்டேன்லா," என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

ராகினி பின்பக்கம் தடவினாள். வழவழவென்று இருந்தது. உட்கார்ந்து அழுதாள். ஹரிதாஸுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கறுப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து, தாளைக் கெடுக்காமல் ஆவியாகிவிடும் லைட்டர் எண்ணெயைச் சொட்டவிட்டாள். உடைந்த இடங்கள் உறிஞ்சின. புள்ளிகள் கருமையாகத் தெரிந்தன, ஒரு கட்டம் முழுதும்.

"என்னங்க, இருக்குங்க!" என்று கத்தினாள்.

ஆனால் தேய்த்த தலை தேய்த்த தலைதான், மதிப்புக் குறைந்ததுதான். மறைக்காமல் அதன் அடியில், 'கணவர் இஸ்திரி போட்டது' என்று எழுதியே பலகையில் வைத்தாள். பரிசு வேறொருவருக்குப் போனது. கூட்டம் மட்டும் அவள் பலகையை விட்டு நகரவில்லை. ஹரிதாஸ் பக்கத்திலேயே நின்று, வந்தவர்களிடமெல்லாம், "அந்த ஹஸ்பண்ட் நான்தான்," என்று சொல்லி, புள்ளிக் கதையை முழுசாக விளக்கினார். ராகினி ஓரமாக நின்று கேட்டாள். ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை.

திரும்பும்போது நானும் அவர்கள் காரில்தான் வந்தேன். ரெம்பியா நெருங்கும்போது ஹரிதாஸ் ராகினியிடம் சொன்னார்.

"அடுத்த வருஷம் நமக்கு ரெண்டு பலகை கேக்கணும்லா."