கை நனைத்த இடம்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. புதுக்கோட்டையில் என் பேக்கிங் கூடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் பெரும்பாலும் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். தீபாவளிக்கு முன்னால் சென்னை மிட்டாய்க் கடைக்காரரிடமிருந்து போன் வந்த பிறகு, இரவுத் தூக்கமும் போயிற்று. போன தடவை நான் அனுப்பிய முந்திரிப் பருப்பு பாதிக்கு மேல் உடைசல் என்று திருப்பி அனுப்பியவர் அவர். இன்னும் ஒரு தடவை பார்ப்பதாகவும், இதுவும் சரியில்லை என்றால் பண்ருட்டிப் பக்கம் போய்விடுவதாகவும் சொன்னார். எனக்கிருந்த பெரிய வாடிக்கை அவர் ஒருவர்தான். அவர் போனால் கூடத்துக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

நான் கொட்டை உடைப்பதில்லை. கொட்டையை வாங்கி வெளியே கொடுத்து, உடைத்துத் தோல் உரித்த பருப்பாகத் திரும்ப வாங்கி, தரம் பிரித்துப் பாக்கெட் போடுகிறவள். பழைய ஆள் காலை வாரிவிட்டதால், புது ஆள் தேடிக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஸ்கூட்டியை விரட்டினேன்.

ஆள் பார்க்கப் போவதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போக மாட்டேன். தட்டில் வைத்து நீட்டும் பருப்பைத் தொட மாட்டேன். மூட்டையின் அடியில் கைவிட்டுத்தான் எடுப்பேன். ஒரு பிடியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிக் கொண்டுவந்து, மறுநாள் காலையில் திறந்து மோந்து பார்ப்பேன். அப்புறம், காபி குடிப்பேன், சாப்பிட மாட்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில் பேச்சு முடியும்வரை கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சோறு சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதையே தொழிலுக்கும் வைத்துக்கொண்டேன். சோறு போடுகிறவர்கள் எல்லாம் நம் வாயை அடைக்கத்தான் போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதல் இடத்தில், என் ஸ்கூட்டி தெருமுனை திரும்பும்போதே யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள் போல. வேலை செய்த பெண்களின் தலையில் அப்போதுதான் பிரித்த தொப்பிகள்; மடிப்புக்கூடக் கலையவில்லை. மூட்டையின் அடியில் வெறும் குருணை. இரண்டாவது இடம் ஓர் அம்மாளுடையது. முழுப் பருப்பு எவ்வளவு தேறும் என்று கேட்டதற்கு, கொட்டை எப்படியோ அப்படித்தான் என்று எரிந்து விழுந்தார். பதில் பிடித்தது, ஒழுகும் கூரை பிடிக்கவில்லை. டப்பாவைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது ஓர் இளம் தம்பதி. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டிருந்தார். மூட்டையின் அடிவரை கைவிட்டேன். எல்லாம் முழுசு, பால் நிறம். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து டீயைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. அந்தப் பெண் இலையைப் போட்டு, கண்மாய்க் கெண்டைக் குழம்பை ஊற்றினாள். மனசுக்குள் இவர்கள்தான் என்று முடிவாகிவிட்டதால் நானும் உட்கார்ந்தேன், ரசத்துக்கு இன்னொரு கை சோறும் கேட்டு வாங்கினேன். மழை விட்டதும் ஒரு பிடிப் பருப்பை டப்பாவில் அள்ளிக்கொண்டு, பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பினேன்.

மறுநாள் டப்பாவைத் திறந்ததும் ஓடு எரிந்த புகை குப்பென்று அடித்தது. அவர்கள் முந்திரி ஓட்டைத்தான் அடுப்பில் எரிக்கிறார்கள். அடுப்பை ஒட்டியே பருப்பை அடுக்குகிறார்கள். அந்த வாடை பருப்பில் ஏறினால் இறங்காது. நெய்யில் வறுக்கும்போது இன்னும் தூக்கும். சென்னைக்காரர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தேன். கெண்டைக் குழம்பு ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன். வாசலுக்கும் தராசுக்கும் நடந்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன். நான் என்ன வாக்கா கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதற்கிடையில் அந்த எரிந்து விழும் அம்மாளிடம் மறுபடி போனேன். கூரைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார். அவருடைய பருப்பு ஒரு ராத்திரி வேறொரு டப்பாவில் மூடிக் கிடந்தும் வாடை இல்லை. கொட்டையை அவருக்கே இறக்கினேன். தம்பதிக்கு மட்டும் தகவல் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணே போன் பண்ணினாள். லோடு எப்போது வரும் என்று கேட்டாள். வேறொரு வியாபாரியின் மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு எனக்காக இடத்தைக் காலி செய்து வைத்திருக்கிறார்களாம். இதைப் போனில் சொல்ல முடியாது என்று ஸ்கூட்டியை எடுத்தேன்.

கொட்டகை கூட்டிப் பெருக்கி வெறிச்சென்று கிடந்தது. நின்றபடியே, சுற்றி வளைக்காமல் சொன்னேன். கொண்டுபோயிருந்த அவர்கள் பருப்பு டப்பாவைக் கணவர் வாங்கி மோந்தார். மறுபடி மோந்தார்.

"எங்களுக்கு மூக்கு பழகிப்போச்சு போலங்க" என்றார்.

அந்த வியாபாரியைத் திரும்பக் கூப்பிட முடியாதா என்று கேட்டேன். அவர் வேறு இடத்தில் இறக்கிவிட்டாராம். எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் எதற்கு அனுப்பினீர்கள், நான் சரி என்று சொன்னேனா என்று குரலை உயர்த்திவிட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாப்ட்டீங்களேங்க."

சாவியை விரலில் சுற்றிக்கொண்டு எப்படிக் கிளம்புவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் உள்ளே போய் வாழை இலையோடு வந்தாள்.

"வேணாம்னு சொல்ல வந்தவங்களுக்கும் எங்க வீட்ல சோறு உண்டுக்கா. மறுநாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூட்டைய அனுப்பிருக்க மாட்டோம், அவ்வளவுதான். உக்காருங்க, எலை போடுறேன்."

சென்னைக்குப் போன சரக்கு அந்தத் தீபாவளிக்குத் திரும்பி வரவில்லை. அந்த மத்தியானம் அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தச் சோறு சுலபமாக இறங்கியிருக்காது. எதிரே கொட்டகை காலியாகத் தெரிந்தது. நான் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தேன்.